கூப்பிடாமல் வரும் பறவைகள்: பிரேசர் மலையில் ஒரு நாள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம்மில் பலருக்கு மலை என்றால் இரண்டுதான். ஒன்று கெந்திங், இன்னொன்று கேமரன். கெந்திங்கில் பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெரியவர்களுக்குக் குளிர். கேமரனில் தேயிலை, ஸ்ட்ராபெரி, திரும்பும்போது கார் நிறைய காய்கறி. இவை இரண்டுக்கும் நடுவே, கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்தில் இன்னொரு மலை இருக்கிறது. அங்கே ராட்டினம் இல்லை, பேரங்காடி இல்லை, பெட்ரோல் நிலையம்கூட இல்லை. ஆனால் 250-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. அவற்றைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

அந்தப் பிரேசர் மலைக்கு, வழிகாட்டியோடு போகும் பறவை பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மொத்தம் எட்டுப் பேர். கிள்ளானிலிருந்து ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு கணவன், மனைவி, அவர்களின் ஒன்பது வயது மகன். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கும் மூன்று இளம் பொறியாளர்கள். பிறகு நான். வழிகாட்டி ரவூப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். நாங்கள் ‘அண்ணே’ என்றோம், பையன் மட்டும் ‘அங்கிள்’ என்றான்.

காணாமல் போனவர் பெயரில் ஒரு மலை

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிய வேன் ரவாங்கைத் தாண்டி, கோல குபு பாருவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டது. அதற்குப் பிறகு சிலாங்கூர் அணைக்கட்டு நீர்த்தேக்கத்தை ஒட்டி, வளைவு மேல் வளைவாக ஏறும் சாலை. அந்த இருட்டில் அண்ணன் மலையின் கதையைச் சொன்னார்.

லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் ஸ்காட்லாந்துக்காரர். 1890-களில் இங்கே வந்து ஈய வியாபாரம் செய்தவர். கோவேறு கழுதைகள் மேல் ஈயத்தை ஏற்றி இறக்கினார். சூதாட்ட விடுதியும் அபின் கடையும் நடத்தினார் என்றும் சொல்வார்கள். ஒருநாள் ஆளைக் காணோம். எங்கே போனார், என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. அவரைத் தேடி மலையேறிய சிங்கப்பூர் ஆயர் பெர்குசன் டேவி ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் குளிர்ந்த மலை ஒன்றைக் கண்டுகொண்டு, வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க ஏற்ற இடம் இது என்று அரசாங்கத்துக்குச் சொன்னார். 1919-இல் வேலை தொடங்கி, 1922-இல் மலை வாசஸ்தலம் திறக்கப்பட்டது.

மலாயாவின் வரலாற்றில் மறக்க முடியாத சம்பவம் ஒன்றும் இந்தச் சாலையில்தான் நடந்தது. அவசரகாலத்தின்போது, 1951 அக்டோபர் 6-ஆம் தேதி, பிரேசர் மலைக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்டுகள் வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள். அப்படிப்பட்ட இடத்தை நாங்கள் கடந்தபோது வெளியே கேட்டதெல்லாம் சிள்வண்டுகளின் சத்தம் மட்டும்தான்.

கண்ணுக்கு முன் காது

மலையடிவாரத்துச் சந்திப்பின் பெயர் ‘கேப்’. அங்கே வேன் நின்றபோது மணி ஆறே கால். இன்னும் விடியவில்லை. பொறியாளர்களில் ஒருவர் தொலைநோக்கியை உறையிலிருந்து எடுத்தார். “அதுக்கு இப்ப வேலை இல்ல தம்பி” என்றார் அண்ணன். “பத்து நிமிஷம் கண்ண மூடிக்குங்க. எத்தனை விதமான சத்தம் கேக்குதுன்னு விரல் விட்டு எண்ணுங்க.”

நான் வானொலி அறிவிப்பாளர். குரல்தான் என் பிழைப்பு. ஆனாலும் பத்து நிமிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கே புதிய அனுபவம்தான். முதலில் ஒரே இரைச்சலாக இருந்தது. போகப் போக அது இழை இழையாகப் பிரிந்தது. ஓடைத் தண்ணீர். சிள்வண்டு. தூரத்தில் மரத்தில் தட்டுவதுபோல விடாமல் ஒலிக்கும் குரல். அதற்கும் மேலே, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து, ‘ஹூப்... ஹூப்...’ என்று இடைவெளி விட்டு ஒரு கூவல். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் யாரோ கெக்கலி கொட்டிச் சிரிப்பதுபோல வெடித்து அடங்கியது. பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அது தலையில் கனத்த கொம்புக் கவசம் உள்ள பெரிய இருவாச்சி. மலாய்க்காரர்கள் அதற்கு ‘தெபாங் மெந்துவா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாமியார் மேல் கோபம் கொண்ட மருமகன் ஒருவன், அவர் வீட்டின் தூண்களைக் கோடரியால் ஒவ்வொன்றாக வெட்டினானாம். வீடு சாய்ந்ததும் விழுந்து விழுந்து சிரித்தானாம். அந்த வெட்டும் சிரிப்பும்தான் பறவையின் குரலாகிவிட்டது என்பது கதை. ஆசிரியை அம்மா சிரித்துவிட்டு, “நம்ம சீரியல்ல எல்லாம் இது வரலியே” என்றார்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. மற்ற இருவாச்சிகளின் தலைக்கவசம் உள்ளே வெற்றாக இருக்கும். இதற்கு மட்டும் முன்பகுதி கெட்டியானது. யானைத் தந்தம்போல அதைச் செதுக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இப்பறவையை வேட்டையாடினார்கள். 2015-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை மிக அபாயகரமான அழிவு நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

ஒரு சாலை, இரண்டு காடுகள்

கேப்பிலிருந்து உச்சிக்கு எட்டு கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகள், அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகள் என்று கதவு போட்டு விட்ட குறுகிய பாதை அது. இப்போது வழக்கமாகப் பழைய பாதையில் ஏறி, புதிய பாதையில் இறங்குகிறார்கள்.

இந்த எட்டு கிலோமீட்டரில் காடே மாறுகிறது. கீழே வானுயர்ந்த மரங்கள். மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட்டும் அடர்ந்துவிடுகின்றன. 100 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. காடு மாறினால் பறவையும் மாறும். கீழே கேட்ட இருவாச்சியின் சிரிப்பு பின்தங்கியது. மேலே வேறு குரல்கள் எதிர்கொண்டன.

மணிக்கூண்டு இருக்கும் சிறிய சதுக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. அண்ணன் எங்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகவில்லை. தெருவிளக்கு ஒன்றின் கீழே நிறுத்தினார். இரவெல்லாம் வெளிச்சத்தைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள் சுவரிலும் கம்பத்திலும் ஒட்டிக் கிடந்தன. சில என் உள்ளங்கை அளவு. பறவைகளுக்கு அதுதான் காலைப் பசியாறும் இடம். செந்தலையும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கொண்ட சிரிப்பான்கள் கூட்டமாக வந்து இறங்கின. நீண்ட வாலுடைய சாம்பல் நிறப் பறவை ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பூச்சியைப் பறித்தது. நாங்கள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தோம். அவை எங்களைக் கொஞ்சமும் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்காது

கோல்ப் திடலின் ஓரமாகத் தொடங்கும் ஹெம்மன்ட் பாதை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். நடக்கப் பெரிய சிரமம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும், எதுவுமே இல்லாமல் கிடந்த மரங்கள் திடீரென்று அசையத் தொடங்கின. ஒரே நேரத்தில் இருபது, முப்பது பறவைகள், ஆறேழு இனங்கள். ஒன்று இலையின் அடியைக் கிளறுகிறது, ஒன்று பட்டையைக் கொத்துகிறது, ஒன்று பறந்து பிடிக்கிறது. பறவை ஆர்வலர்கள் இதைப் ‘பறவை அலை’ என்கிறார்கள். பல இனங்கள் சேர்ந்து இரை தேடினால் பருந்தைக் கவனிக்க அதிகக் கண்கள். ஒன்று கலைத்த பூச்சி இன்னொன்றுக்கு உணவு. மூன்று நான்கு நிமிடத்தில் அலை எங்களைக் கடந்து போய்விட்டது.

அதில் வந்த அகன்ற அலகுப் பறவை ஒன்றைப் பார்த்து, “ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கு” என்று கத்தினான் பையன். பச்சை உடல், கறுப்புத் தலை, மஞ்சள் கழுத்து. உண்மையிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டப் புறப்பட்டதுபோலத்தான் இருந்தது.

அப்போதுதான் பெயர்ப் பேச்சு வந்தது. அண்ணனுக்கு ஒவ்வொரு பறவைக்கும் ஆங்கிலப் பெயரும் மலாய்ப் பெயரும் தெரியும். தமிழ்ப் பெயருக்கு ஆசிரியை அம்மா துணைக்கு வந்தார். ‘ஹார்ன்பில்’ என்று நாம் சொல்வதற்குத் தமிழில் இருவாச்சி. அலகு மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல இருப்பதால் இருவாய்ச்சி, அதுவே இருவாச்சி. காலையில் கேப்பில் மரம் தட்டுவதுபோல விடாமல் ஒலித்த குரலுக்குச் சொந்தக்கார வகைக்குக் குக்குறுவான். கூப்பிடும் சத்தமே பெயராகிவிட்டது. நெருப்புத் துண்டுபோல நெஞ்சு சிவந்த ‘டிரோகன்’ வகைக்குத் தீக்காக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவற்றின் உறவுப் பறவைகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. கப்பலேறி இங்கே வந்த நம் முன்னோர்களில் சிலராவது இந்தப் பெயர்களையும் கொண்டு வந்திருப்பார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் அவை நம் வீட்டுப் பேச்சிலிருந்து நழுவிவிட்டன.

குக்குறுவான்களில் மலைக்காடுகளில் வாழும் வகை ஒன்று உண்டு. அலகின் அடியில் தீ நிறத்தில் மயிர்க்கற்றை. அதன் குரல் பறவைக் குரல்போலவே இருக்காது, அசல் சிள்வண்டு. அது சிள்வண்டு அல்ல, பறவைதான் என்று நம்பவே எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆனது.

தமிழ்நாட்டில் இல்லாத பறவைகளுக்கு என்ன செய்வது? கறுப்புத் தலை, மஞ்சள் அலகு, ஆரஞ்சுக் கழுத்து, கன்னத்தில் பளபளக்கும் வெள்ளித் திட்டு என்று ஒரு சிறு பறவை புதரில் துள்ளிக்கொண்டிருந்தது. பிரேசர் மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்க விரும்பும் பறவை. இதற்குத் தமிழ்ப் பெயர் என்ன என்று பையன் கேட்டான். ஆசிரியை அம்மா, “நீயே ஒன்னு வையேன்” என்றார். அவன் கொஞ்சம் யோசித்து, “வெள்ளிக்காது” என்றான். அன்று மாலை வரை நாங்கள் எல்லாரும் அதை அப்படித்தான் அழைத்தோம்.

“வரும் தம்பி, அதான் பிரச்சினை”

பாதையின் சரிவான ஒரு பகுதியில், காலடிப் புதருக்குள்ளிருந்து மெல்லிய சீட்டி ஒலி கேட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. குரல் பத்தடி தூரத்தில்தான். ஆனால் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது சென்டிமீட்டர் அளவே உள்ள, வாலே இல்லாததுபோல் தோன்றும் குட்டிப் பறவை அது. காட்டுத் தரையில் எலிபோல ஓடும்.

இளைஞர்களில் ஒருவர் கைப்பேசியை எடுத்தார். “அண்ணே, இதோட சத்தம் என் போன்ல இருக்கு. போட்டா உடனே வெளிய வந்துடும்தானே?”

“வரும் தம்பி. அதான் பிரச்சினை” என்றார் அண்ணன்.

பிறகு அவர் விளக்கியதுதான் அந்தப் பயணத்தில் நான் கற்ற மிக முக்கியமான பாடம். பறவை பாடுவது நம்மை மகிழ்விக்க அல்ல. ‘இது என் இடம், உள்ளே வராதே’ என்று மற்ற ஆண் பறவைகளுக்கு எச்சரிக்கை, ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று பெண் பறவைக்கு அழைப்பு. நாம் பதிவு செய்த குரலை ஒலிபரப்பினால், தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டதாகத்தான் அது நினைக்கும். இரை தேடுவதை விட்டுவிட்டு, சில நேரம் முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடி வெளியே வரும். நாம் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம். அடுத்த குழு வரும், மறுபடி அதே குரல். பெயர் பெற்ற பாதையில் குடியிருக்கும் ஒரு பறவை இப்படி ஒரே வாரத்தில் எத்தனை முறை போருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும்?

எனக்குச் சுருக்கென்றது. நான் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து பேசும்போது, பிடிக்காதவர்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்ளலாம், வானொலியை மூடியும் வைக்கலாம். அந்தப் பறவைக்கு அந்த வசதி இல்லை. அதன் வீட்டு வாசலில் நாம் போடும் ஒலிபரப்பைக் கேட்டே ஆக வேண்டும்.

குரலைக் கேட்டுப் பறவை எதுவென்று அடையாளம் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல உதவி. அவை கேட்பதற்கு. அதே செயலியில் உள்ள பதிவைக் காட்டுக்குள் உரக்கப் போடுவது வேறு கதை. படம் எடுப்பதற்காகப் புழுக்களை வைத்துப் பறவையை ஒரே இடத்துக்குப் பழக்குவதும் அப்படித்தான் என்றார் அண்ணன்.

கைப்பேசி பைக்குள் போனது. பாதையோரம் உட்கார்ந்தோம். பதினைந்து நிமிடம், இருபது நிமிடம். அட்டை ஒன்று ஒருவரின் காலுறையில் ஏறியது, அவர் சத்தமில்லாமல் எடுத்துப் போட்டார். நாற்பதாவது நிமிடம் இருக்கும், விழுந்து கிடந்த மரத்தின் மேல் ஒரு பழுப்பு உருண்டை ஏறி நின்றது. எங்களைப் பார்த்தது. வாயைத் திறந்து, அந்தச் சிறிய உடம்பு முழுவதும் அதிர, அதே சீட்டியை அடித்தது. பிறகு இறங்கிப் போய்விட்டது. எல்லாம் பத்து விநாடி. யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்க நேரமும் இல்லை. கூப்பிடாமல் வந்த விருந்தாளி என்பதால்தானோ என்னவோ, வேனில் திரும்பும்போது எல்லாரும் பேசியது அதைப் பற்றித்தான்.

குரலே எமனாகும்போது

நம் அடுக்குமாடிகளில், ஐந்தடி நடைபாதைக் கடைகளில், பறவைக் கூண்டு தொங்குவது புதிய காட்சி அல்ல. நன்றாகப் பாடும் பறவைக்கு நல்ல விலை. வைக்கோல் நிறத் தலையுடைய கொண்டைக்குருவி இனம் ஒன்றை மலாயில் ‘பாராவ் பாராவ்’ என்பார்கள். ஆற்றோரக் காடுகளில் வாழ்ந்த அது, இனிய குரலுக்காகவே பிடிக்கப்பட்டுப் பிடிக்கப்பட்டு, 2018-இல் மிக அபாயகரமான அழிவு நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. குரல் நன்றாக இருந்ததுதான் அது செய்த குற்றம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலைப் பறவைக்கு இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால், அதே குளிரைத் தேடி ஏறக்குறைய 160 மீட்டர் மேலே போக வேண்டும். சமவெளிப் பறவைக்கு மேலே ஏற மலை உண்டு. மலையுச்சியில் இருக்கும் பறவை எங்கே ஏறும்? தித்திவங்சா மலைத்தொடரின் இந்தப் பகுதியில் உச்சிகள் ஏறக்குறைய 1,500 மீட்டரோடு முடிந்துவிடுகின்றன. இருக்கிற காட்டைத் துண்டாக்காமல் விடுவதுதான் நாம் செய்யக்கூடியது. இங்கே பல மாடி விடுதி கட்டும் திட்டங்கள் பேசப்படும்போதெல்லாம் இயற்கை ஆர்வலர்கள் குரல் எழுப்புவது அதனால்தான். 1940-இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகள் அந்தப் பணியைத் தொடர்ந்து செய்கின்றன. 1988-இல் தொடங்கிய அனைத்துலகப் பறவைப் போட்டி இந்த மலையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் போட்டியில் அதிக இனங்களைப் பார்த்துக் குறித்த அணிக்குத்தான் பரிசு. எந்தப் பறவையையும் யாரும் பிடிக்கத் தேவையில்லை.

போக நினைப்பவர்களுக்கு

எண்ணெய்யைக் கோல குபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை மூடப்படுவது உண்டு. புறப்படும் முன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளையும் பார்க்கலாம். விடியலிலிருந்து காலை பத்து மணி வரை நல்ல நேரம். பச்சை, பழுப்பு நிற உடைகள் போதும், பளிச்சென்ற சிவப்பும் வெள்ளையும் வேண்டாம். மழைச்சட்டை, நீளமான காலுறை, குளிருக்கு ஒரு மேலாடை அவசியம். எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரணத் தொலைநோக்கி ஒன்று குடும்பத்துக்கே போதும். முதல் முறை போகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியோடு போவது நல்லது. ‘நீங்கள் பறவைக் குரலை ஒலிபரப்புவீர்களா?’ என்று முன்கூட்டியே கேளுங்கள். ‘மாட்டேன்’ என்பவரோடு போங்கள்.

மலைக்குப் போகும் நாள் வரும் வரை வீட்டிலிருந்தே பழகலாம். ஒரு ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பிள்ளைகளோடு வாசலில் பத்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். விரல் விட்டு எண்ணுங்கள். நம் தாமான்களிலேயே குயில் உண்டு, மைனா உண்டு, மாங்குயில் உண்டு, வேலிமேல் நின்று வாலைத் தூக்கிப் பாடும் குண்டுகரிச்சான் உண்டு. பெயர் தெரியாத குரல் ஒன்று கேட்டால் தேடிக் கண்டுபிடியுங்கள். தமிழில் பெயரே இல்லை என்றால், வீட்டில் உள்ள ஒன்பது வயதுக்காரரிடம் கேளுங்கள்.